கேலரியைக் காலி செய்தவர்கள்



அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்துக்குக் கூட்டம் குறைவதைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும், “அது அவர்கள் பாடு, நமக்கென்ன?” என்று ஒரு நண்பர் கேட்டார். அவருக்காக ஒரு சின்ன உறவுமுறையைச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். நந்தனத்தில் இருக்கிற ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை 1920-ல் தொடங்கியவர் ஹாரி குரோ பக். அவர் படித்தது அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், ஸ்பிரிங்ஃபீல்டு என்ற ஊரில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிக் கல்லூரியில். அங்கேதான் 1891 டிசம்பரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர், பனிக்காலத்தில் வெளியே போக வழியில்லாமல் ரகளை செய்துகொண்டிருந்த மாணவர்களை ஒரு வழிக்குக் கொண்டுவர, உடற்பயிற்சிக் கூடத்து மாடிக் கைப்பிடியில் இரண்டு பீச் பழக்கூடைகளை ஆணியடித்து மாட்டினார். நம் பள்ளிக்கூடத்துச் சிமென்ட் தரையில் நிற்கிற கம்பத்துக்குப் பாட்டன் வீடு அதுதான். உறவு அவ்வளவோடு சரி. இனிப் பேச்சு முழுக்க அந்தக் கரையில்.

கூடையை மாடிக் கைப்பிடியில் மாட்டினார் என்றேன். அந்த மாடியில் வேடிக்கை பார்க்க ஆட்கள் நின்றார்கள். எதிரணி பந்தை எறிந்தால் கையை நீட்டித் தட்டிவிடுவது, தன் அணியின் பந்து குறி தவறினால் மெல்லக் கூடைக்குள் தள்ளிவிடுவது என்று அவர்களும் ஆடத் தொடங்கிவிட்டார்கள். அவர்கள் கைக்கு எட்டாமலிருக்கத்தான் கூடைக்குப் பின்னால் முதலில் கம்பிவலையும் பிறகு பலகையும் வைத்தார்கள். இன்று பலகையில் பட்டுத் திரும்பும் பந்தைப் பிடிப்பது ஆட்டத்தின் பாதி வித்தை. அந்தப் பலகை ரசிகன் கொடுத்த கொடை. இந்த விளையாட்டில் பார்ப்பவனுக்கும் ஆடுபவனுக்கும் நடுவே இருந்த தூரம் ஆரம்பத்திலேயே ஒரு கை நீளம்தான். இன்று நான் சொல்ல வந்தது அந்தத் தூரத்தை யார் யார், என்ன விலைக்கு, எப்படி நீட்டினார்கள் என்பதை.

முதலில் கணக்கு. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் சங்கத்துக்கு என்.சி.ஏ.ஏ. என்று பெயர். அதன் முதல் பிரிவில் ஆடும் ஆண்கள் அணிகளின் ஆட்டங்களுக்கு வந்த சராசரிக் கூட்டம், 2000-களின் பிற்பகுதியில் சரியத் தொடங்கி ஏறக்குறையப் பத்தாண்டுகள் சரிந்துகொண்டே இருந்தது. இந்தச் சராசரியை அப்படியே நம்பவும் கூடாது, தூக்கிப் போடவும் கூடாது. அந்தக் காலத்தில் சிறிய கல்லூரிகள் பல முதல் பிரிவுக்கு ஏறி வந்தன. இன்று அணிகள் 360-க்கும் மேல். ஆயிரம் பேர் உட்காரும் கூடங்கள் சேரச் சேரச் சராசரி தானாகவே இறங்கும். சில பெரிய இடங்கள் நாற்காலிகளைத் தாங்களே குறைத்தன. கென்டக்கி பல்கலைக்கழகத்தின் ரப் அரீனாவில் முன்பு 23,000-க்கும் மேல் இடம். 2019-ல் மேல் அடுக்கின் நீள பெஞ்சுகளை எடுத்துவிட்டுத் தனி நாற்காலி போட்டதும் 20,500 சொச்சமாகிவிட்டது. முதுகு சாய வசதி வந்தது, மூவாயிரம் பேர் வெளியே போனார்கள்.

இன்னொரு பக்கம், அறிவிக்கிற எண்ணிக்கை பல இடங்களில் விற்ற டிக்கெட்டின் எண்ணிக்கை. வாசலில் நுழைந்த தலைகளின் எண்ணிக்கை வேறு. கல்லூரிகளின் அமெரிக்கக் கால்பந்தில் 2017 பருவத்தை வைத்து வால் ஸ்ட்ரீட் ஜர்னல் 2018-ல் ஒரு கணக்கெடுத்தது. அறிவித்த கூட்டத்தில் வாசலைத் தாண்டியவர்கள் சுமார் 71 சதவீதம்தான். அது கால்பந்து. கூடைப்பந்திலும் இதே பழக்கம் உண்டு. டிசம்பர் மாதத்துச் செவ்வாய்க்கிழமை இரவு டிவியில் ஓர் ஆட்டத்தைப் பாருங்கள். கீழே “பார்வையாளர் 9,000” என்று எழுத்து ஓடும். கேமரா மட்டும் ஏனோ மேல் அடுக்குப் பக்கம் தலையைத் திருப்பவே திருப்பாது.

ஏன் வரவில்லை என்று கேட்டால் முதல் பதில் தயாராக இருக்கும்: டிவி. வீட்டில் பெரிய திரை, சோபா, கையெட்டும் தூரத்தில் தீனி, வெளியே பனி. யார் போவார்கள்? கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த ஆட்டத்தின் வரலாறு இதற்கு முழுக்க ஒத்துப்போகவில்லை. 1968 ஜனவரி 20 அன்று ஹூஸ்டன் நகரின் ஆஸ்ட்ரோடோமில் ஹூஸ்டன் பல்கலைக்கழகமும் லாஸ் ஏஞ்சலிஸின் யு.சி.எல்.ஏ.வும் மோதின. பருவத்தின் நடுவே நடந்த ஒரு சாதாரண ஆட்டம், நாடு முழுக்க டிவியில் போனது. உள்ளே 52,693 பேர். எல்வின் ஹேஸ் 39 புள்ளி எடுக்க, ஹூஸ்டன் 71-69 என்று ஜெயித்தது. 1979-ல் மேஜிக் ஜான்சனும் லாரி பேர்டும் எதிரெதிரே ஆடிய இறுதியாட்டத்துக்குக் கிடைத்த டிவி ரேட்டிங்கை அதற்குப் பின் வந்த எந்தக் கல்லூரிக் கூடைப்பந்து ஆட்டமும் தாண்டவில்லை. அந்த ஆண்டு செப்டம்பரில்தான் இ.எஸ்.பி.என். என்ற விளையாட்டுச் சேனல் பிறந்தது, அதே ஆண்டில்தான் பிக் ஈஸ்ட் என்ற கிழக்குக் கடற்கரைக் கல்லூரிகளின் கூட்டமைப்பும் உருவானது. அடுத்த பத்து வருடங்களில் டிவியும் வளர்ந்தது, கேலரியும் நிரம்பியது. சிரக்யூஸ் பல்கலைக்கழகம் கால்பந்துக்குக் கட்டிய குவிமாட அரங்கில் முப்பதாயிரம் பேர் கூடைப்பந்து பார்த்தார்கள். 2019 பிப்ரவரியில்கூட டியூக் பல்கலைக்கழக அணி வந்தபோது அங்கே 35,642 பேர் இருந்தார்கள். எல்லோர் வீட்டிலும் டிவி இருந்த காலம் அது.

ஆகவே டிவியில் பார்க்க முடிகிறது என்பதால் மட்டும் ரசிகன் வீட்டில் தங்கிவிடவில்லை. டிவிக்காக மற்றவர்கள் எதை எதை மாற்றினார்கள் என்று பார்த்தால்தான் கதை விளங்கும். அதற்கு ஃபிலடெல்ஃபியா நகரத்தைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

அந்த ஊரில் பென்சில்வேனியா பல்கலைக்கழக வளாகத்துக்குள் பாலஸ்ட்ரா என்று ஒரு கூடம். 1927 புத்தாண்டு அன்று திறந்தார்கள். எட்டாயிரத்து எழுநூறு பேர் அளவுக்கு இடம். கேலரி ஆடுகளத்தின் கோட்டை ஒட்டியே தொடங்குகிறது. முதல் வரிசையில் இருப்பவர் காலை நீட்டினால் ஆட்டக்காரர் தடுக்கி விழுவார். 1955 முதல் ஊரின் ஐந்து கல்லூரிகள், அதாவது பென், வில்லனோவா, டெம்பிள், லா சால், செயின்ட் ஜோசப்ஸ், பிக் ஃபைவ் என்ற பெயரில் சேர்ந்து தங்களுக்குள் ஆடும் எல்லா ஆட்டத்தையும் அந்த ஒரே கூடத்தில் நடத்தின. ஒரு டிக்கெட்டில் இரண்டு ஆட்டம். நான்கு கல்லூரிக் கூட்டம் ஒரே கூரையின் கீழ். முதல் கூடை விழுந்ததும் காகிதச் சுருள்கள் பறக்கும். ஆட்டத்தை நிறுத்தித் தரையைக் கூட்டுவார்கள். எதிர்க் கல்லூரியைக் கிண்டல் செய்து எழுதிய நீளத் தாள்களை மாணவர்கள் தலைக்கு மேலே விரித்துக்கொண்டே போவார்கள். பதில் கிண்டல் எதிர் கேலரியிலிருந்து விரியும். செயின்ட் ஜோசப்ஸ் கல்லூரியின் பருந்து வேடமிட்ட மாணவன் ஆட்டம் தொடங்கியதிலிருந்து முடியும்வரை ஒரு நொடிகூட நிறுத்தாமல் சிறகடிக்க வேண்டும் என்பது வழக்கம். இன்றும் அடிக்கிறான். ஆட்டக்காரனுக்கு ஓய்வு உண்டு, அவனுக்குக் கிடையாது.

ஊர்ச் சண்டை என்றால் இதுதான். வங்கியில் உங்கள் பக்கத்து மேசைக்காரர் லா சால், நீங்கள் டெம்பிள், மச்சான் வில்லனோவா. திங்கட்கிழமை காலையில் முகத்தைப் பார்த்தாக வேண்டும். அதனாலேயே சனிக்கிழமை இரவு போயாக வேண்டும்.

1980-ல் வில்லனோவா பிக் ஈஸ்டில் சேர்ந்தது. மற்றவற்றில் சிலவும் வேறு கூட்டமைப்புகளுக்குப் போயின. நியூயார்க், பாஸ்டன், வாஷிங்டன் அணிகளோடு ஆடினால் டிவி வரும், டிவி வந்தால் பணம் வரும். 1985-ல் வில்லனோவா நாட்டுக்கே சாம்பியன் ஆனது. பக்கத்துத் தெருக் கல்லூரியோடு ஒரு பொதுக்கூடத்தில் வசூலைப் பங்கு போட்டுக்கொண்டு ஆட வேண்டிய அவசியம் அதற்கு என்ன? 1986-ல் அந்த ஆட்டங்கள் பாலஸ்ட்ராவை விட்டு அவரவர் கூடத்துக்குக் கலைந்தன. காகிதச் சுருளுக்கும் அந்தக் காலத்திலேயே தடை வந்துவிட்டது; எறிந்தால் தண்டப் புள்ளி. 1991-ல் ஐந்து பேரும் எல்லோரோடும் ஆடுவது என்ற ஏற்பாடே நின்றுபோய், 1999-ல்தான் திரும்பியது. 2023-ல் டிரெக்செல் கல்லூரியையும் சேர்த்துக்கொண்டு, இறுதி நாள் மூன்று ஆட்டங்களையும் நகரத்தின் தொழில்முறை அணி ஆடும் பெரிய அரங்குக்குக் கொண்டுபோனார்கள். நல்லெண்ணத்தோடுதான் செய்தார்கள். ஆனால் எட்டாயிரம் பேர் தோளோடு தோள் இடித்துக் கத்துவதற்கும், இருபதாயிரம் நாற்காலியில் ஆங்காங்கே உட்கார்ந்து கத்துவதற்கும் உள்ள வித்தியாசத்தை எந்த ஒலிபெருக்கியும் சரிக்கட்டாது. வில்லனோவாவைக் குற்றம் சொல்லவில்லை. 2016-லும் 2018-லும் மறுபடி சாம்பியன் ஆன அணி அது. அந்த இடத்தில் இருந்தால் நானும் அதையேதான் செய்திருப்பேன் என்பது இதில் எனக்குப் பிடிக்காத பகுதி.

வளாகத்தை விட்டு வெளியே கொண்டுபோவது புதிய யோசனையுமல்ல. 1934 டிசம்பர் 29 அன்று நெட் ஐரிஷ் என்ற விளையாட்டுச் செய்தியாளர் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கை வாடகைக்கு எடுத்து இரட்டை ஆட்டம் நடத்தினார். கூட்டம் வழிகிற ஒரு கல்லூரிக் கூடத்தில் ஜன்னல் வழியாக ஏறிக் குதித்தபோது கால்சட்டை கிழிந்து, அப்போது தோன்றிய யோசனை என்று ஒரு கதை சொல்வார்கள். கதை மெய்யோ பொய்யோ, அன்று வந்த பதினாறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் மெய். கல்லூரிக் கூடைப்பந்து அன்றுதான் வியாபாரம் ஆனது. கூட்டத்தோடு சூதாட்டக்காரர்களும் வந்தார்கள். 1950-ல் ஒரே ஆண்டில் நாட்டின் இரண்டு பெரிய போட்டிகளையும் ஜெயித்த நியூயார்க் சிட்டி காலேஜின் பையன்கள், மறு ஆண்டு பணம் வாங்கிக்கொண்டு புள்ளி வித்தியாசத்தைச் சுருக்கியதாகக் கைதானார்கள். ஏழு கல்லூரிகள் சிக்கின. அந்தச் சிட்டி காலேஜ் இன்று மூன்றாம் பிரிவில் ஆடுகிறது. நியூயார்க் பல்கலைக்கழகம் 1971-ல் அணியையே கலைத்துவிட்டுப் பிறகு 1983-ல் மூன்றாம் பிரிவில் திரும்ப வந்தது. உலகின் பெரிய கூடைப்பந்து நகரங்களில் ஒன்று தன் கல்லூரி ரசிகர்களை அன்று இழந்தது. பழையபடி திரும்பவேயில்லை.

அடுத்து நாற்காலி. அமெரிக்காவில் நல்ல இடத்துக்குப் பருவ டிக்கெட் வேண்டுமென்றால் டிக்கெட் காசு மட்டும் போதாது. கல்லூரியின் விளையாட்டு நிதிக்கு நன்கொடை எழுத வேண்டும். நன்கொடை ஏற ஏற நாற்காலி ஆடுகளத்தை நோக்கி இறங்கும். அந்த நன்கொடையில் 80 சதவீதத்துக்கு வருமான வரிச் சலுகை இருந்தது. கோயில் திருவிழாவில் உபயதாரருக்கு முன்வரிசை கிடைப்பதுபோலத்தான், அரசாங்கமும் கூட நின்று விசிறியது. 2017 டிசம்பரில் வந்த வரிச்சட்டம் அந்தச் சலுகையை ஒழித்தது. அதற்குள் இந்த ஏற்பாடு செய்ய வேண்டியதைச் செய்து முடித்திருந்தது.

வட கரோலினாவில் ஏறக்குறையப் பத்து மைல் இடைவெளியில் இரண்டு கூடங்கள் இருக்கின்றன. சாப்பல் ஹில்லில் இருக்கும் வட கரோலினாப் பல்கலைக்கழகத்தின் டீன் ஸ்மித் சென்டர் 1986-ல் நன்கொடையால் எழுந்தது, 21,000-க்கு மேல் இடம். பணம் கொடுத்தவர்களுக்குக் கீழ் அடுக்கு, மாணவர்களில் பெரும்பாலோருக்கு மேலே. 1991-ல் அங்கே ஆடி ஜெயித்த ஃப்ளோரிடா ஸ்டேட் வீரர் சாம் கேசல், இது வைனும் பாலாடைக்கட்டியும் சாப்பிட வந்த கூட்டம் என்று கேலி செய்துவிட்டுப் போனார். அந்தப் பெயரைத் துடைக்க அவர்கள் இன்னும் பாடுபடுகிறார்கள். டர்ஹாமில் டியூக்கின் கேமரன் கூடம் 1940-ல் கட்டியது, 9,314 இடம்தான். ஆடுகளத்தை ஒட்டி மாணவர்கள், உட்காருவதே இல்லை. பெரிய ஆட்டத்துக்கு இடம் பிடிக்க வாரக்கணக்கில் கூடாரம் போட்டுப் புல்வெளியில் தூங்குகிறார்கள். 1986-ல் தொடங்கிய பழக்கம் இது. டியூக் பலமுறை பெரிய அரங்கு கட்டியிருக்கலாம், பணத்துக்குக் குறைவில்லை. கட்டவில்லை. 1990-லிருந்து டிக்கெட் விற்றுத் தீராத நாள் இல்லை.

நன்கொடை கொடுத்தவருக்கு வயது கூடுகிறது. ராத்திரி ஒன்பது மணிக்கு ஆட்டம் தொடங்கினால் அவர் வருவதில்லை. அந்த ஒன்பது மணியை வைத்தது டிவி. முதல் ஆட்டம் ஏழுக்கு, அடுத்தது ஒன்பதுக்கு என்று இரவை அடுக்கினால்தான் அவர்களுக்குக் கட்டுப்படியாகும். நாற்காலி அவர் பெயரில் காலியாக இருக்கும், மேல் அடுக்கிலிருந்து மாணவன் இறங்கி வர முடியாது. வேலை நாள் இரவில் லாஸ் ஏஞ்சலிஸ் சாலையில் ஊர்ந்து யு.சி.எல்.ஏ.வின் பாலி பவிலியனுக்குப் போய்ச் சேர்வது பற்றி அந்த ஊர்க்காரர்கள் சொல்லிக் கேட்டால் அனுதாபம் தானாக வரும். அதே யு.சி.எல்.ஏ. 2024-லிருந்து பிக் டென் கூட்டமைப்பில் இருக்கிறது. பசிபிக் கரையிலிருந்து அட்லாண்டிக் கரைக்குப் போய் நியூ ஜெர்சியில் ரட்கர்ஸோடு ஆடுகிறது. இந்த மோதலுக்காக வயிற்றில் நெருப்போடு வீட்டை விட்டுக் கிளம்புகிறவர் யார் என்று எனக்குச் சொல்லுங்கள்.

எதிரியை விற்றது எனக்குப் பொறுக்காத விஷயம். கான்சஸும் மிசூரியும் 1907 முதல் ஆடிவந்த அணிகள். அந்தப் பகையின் வேர் உள்நாட்டுப் போர்க்காலத்தில், 1863-ல் மிசூரிப் பக்கத்திலிருந்து வந்த படை கான்சஸின் லாரன்ஸ் நகரத்தை எரித்ததில் இருக்கிறது. 2012 பிப்ரவரி 25 அன்று லாரன்ஸில், ஆலன் ஃபீல்டுஹவுஸில் மோதினார்கள். கான்சஸ் 19 புள்ளி பின்தங்கியிருந்து எழுந்து, கூடுதல் நேரத்தில் 87-86 என்று ஜெயித்தது. கூரை பிய்ந்துகொள்ளும்போல் இருந்தது என்று இருந்தவர்கள் சொல்வார்கள். அதோடு நின்றது. மிசூரி கால்பந்துப் பணத்துக்காகத் தென்கிழக்குக் கூட்டமைப்புக்குப் போய்விட்டது. கோபத்தில் கான்சஸ் பேச்சுவார்த்தையை நிறுத்தியது. 2021 டிசம்பரில்தான் மறுபடி சேர்ந்தார்கள். அந்த இடைவெளியில் பத்து வயதுப் பையன் கல்லூரி மாணவனாகிவிட்டான். யாரை வெறுக்க வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

பருவத்தின் முன்பாதி இன்னொரு வேடிக்கை. நவம்பரிலும் டிசம்பரிலும் பெரிய கல்லூரிகள் சின்னக் கல்லூரிகளுக்குப் பணம் கொடுத்து அழைத்து வந்து தோற்கடித்து அனுப்புகின்றன. பருவ டிக்கெட் வாங்கியவர் இதற்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறார். 2019 நவம்பர் 12 அன்று கென்டக்கி, நாட்டில் முதலிடத்தில் இருந்த அணி, எவான்ஸ்வில்லுக்கு 90,000 டாலர் கொடுத்து அழைத்தது. எவான்ஸ்வில் 67-64 என்று ஜெயித்துவிட்டுக் காசோலையையும் வாங்கிக்கொண்டு போனது. எவான்ஸ்வில்லின் பயிற்சியாளர் வால்டர் மெக்கார்ட்டி ஒரு காலத்தில் கென்டக்கி அணிக்கே ஆடியவர். இப்படி ஒன்று எப்போதாவது நடந்தால் உண்டு. மற்ற நாட்களில் ஐம்பது புள்ளி வித்தியாசம், பாதி ஆட்டத்தில் வண்டி எடுக்கக் கிளம்பும் கூட்டம். மாணவர்களோ நவம்பர் கடைசி விடுமுறையிலும் கிறிஸ்துமஸ் விடுமுறையிலும் ஊரில் இல்லை.

சரி, நல்ல எதிரிகள் எங்கே? அவர்கள் பஹாமாஸில் இருக்கிறார்கள். 2011-லிருந்து அங்கே ஒரு சொகுசு விடுதியின் விருந்து மண்டபத்தில் தரை விரித்து, கம்பம் நட்டு, எட்டு அணிகள் ஆடுகின்றன. 2024-ல் லாஸ் வேகாஸில் ஒரு புதிய போட்டி, கலந்துகொள்ளும் ஒவ்வோர் அணிக்கும் வீரர்களின் விளம்பர வருமானமாக பத்து லட்சம் டாலர் உறுதி தந்து தொடங்கியது. நல்ல ஆட்டம் டிவிக்கு, மீதி ஊருக்கு.

இந்த இடத்தில் யாராவது எழுந்து, “ஆட்டக்காரர்களே நிலையாக இருப்பதில்லையே” என்று கேட்கலாம். 2006 முதல் பள்ளியை முடித்ததும் நேரே தொழில்முறைக் களமான என்.பி.ஏ.வுக்குப் போகக் கூடாது என்று விதி வந்தது. அதனால் ஓராண்டு மட்டும் கல்லூரியில் தங்கிவிட்டுப் போகும் பையன்கள் வந்தார்கள். கெவின் டுரான்ட் டெக்சஸில் ஒரே பருவம். 2018-ல் இடமாற்றப் பட்டியல் வந்தது, 2021-ல் மாறிய உடனே ஆடலாம் என்றானது, அதே ஆண்டு ஜூலை முதல் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம் என்றானது. 2025-ல் கல்லூரியே நேரடியாகப் பங்கு கொடுக்கலாம் என்று நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. இப்போது அக்டோபர் வந்தால் ரசிகர் தன் அணியின் பெயர்ப் பட்டியலைப் புதிதாகப் படிக்க வேண்டியிருக்கிறது. உண்மைதான், பரிச்சயம் போய்விட்டது. ஆனால் இதில் பையன்களைத் திட்டுகிறவர்களோடு நான் சேரமாட்டேன். பயிற்சியாளர்கள் எந்தக் காலத்திலும் ஒப்பந்தத்தைக் கிழித்துக்கொண்டு போனவர்கள்தான். மார்ச் மாதத் தேசியப் போட்டியின் டிவி உரிமையை 2010-ல் பதினான்கு ஆண்டுகளுக்கு 10.8 பில்லியன் டாலருக்கு விற்றார்கள், 2016-ல் இன்னும் எட்டாண்டுகளுக்கு 8.8 பில்லியன் சேர்த்தார்கள். அப்போதெல்லாம் ஆடியவனுக்குப் படிப்பும் சாப்பாடும்தான். பணம் கதவு வழியாக வந்த பிறகு பையன் மட்டும் விசுவாசத்தைக் காட்டி உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது என்ன நியாயம்?

ஆட்டமே மந்தமாகிவிட்டது என்ற குறையும் ஒரு காலத்தில் இருந்தது. 2012-13 பருவத்தில் ஓர் அணியின் சராசரி 67.5 புள்ளி, 1952-க்குப் பின் மிகக் குறைவு. 2015-ல் பந்தை எறிய வேண்டிய கெடுவை 35 நொடியிலிருந்து 30 ஆக்கினார்கள். ஆட்டம் சுறுசுறுப்பானது. அந்தக் காரணத்தால் யாரும் திரும்பி வந்ததாகத் தெரியவில்லை. ஜெயிக்கும் அணிக்குக் கூட்டம் வரும் என்பது மட்டும் மாறாத உண்மை. லூயிவில் பல்கலைக்கழக அணி 2010-ல் ஆற்றங்கரையில் 22,000 பேர் உட்காரும் அரங்குக்குக் குடிபோனது. 2022-23-ல் 4 வெற்றி, 28 தோல்வி என்று ஆடியபோது அந்தக் கட்டடத்தில் எதிரொலி கேட்டது. 2024-25-ல் 27 ஆட்டம் ஜெயித்ததும் சத்தம் திரும்பியது.

ஆனால் ஜெயிப்பதும் தோற்பதும் மட்டுமே என்றால் டேட்டனை எப்படி விளக்குவது? ஒஹாயோ மாநிலத்தில் ஒரு நடுத்தர ஊர். கத்தோலிக்கப் பல்கலைக்கழகம். பெரிய கூட்டமைப்பில் இல்லை. 1969-ல் திறந்த யு.டி. அரீனாவில் 13,000 சொச்சம் இடம், வருடா வருடம் ஏறக்குறைய நிரம்புகிறது. தொழிற்சாலைகள் மூடிய ஊர் அது. கார் நிறுவனமும் பணப்பதிவேட்டு இயந்திர நிறுவனமும் போய்விட்டன, அணி போகவில்லை. ஊரில் வேறு பெரிய தொழில்முறை அணியும் இல்லை. தேசியப் போட்டியின் தொடக்கச் சுற்று 2011 முதல் பெரும்பாலும் அங்கேதான். யார் யாரோ வெளியூர்க்காரர்கள் வந்து ஆடுகிறார்கள், டேட்டன்காரர்கள் போய் நிரப்புகிறார்கள். 2012 மார்ச்சில் அதிபர் ஒபாமா, பிரிட்டிஷ் பிரதமர் டேவிட் கேமரனுக்குக் கூடைப்பந்து காட்ட அழைத்துப் போனது நியூயார்க்குக்கு அல்ல, டேட்டனுக்கு. 2020-ல் அந்த ஊர் தன் வாழ்நாளின் சிறந்த அணிகளில் ஒன்றைப் பெற்றது: 29 வெற்றி, 2 தோல்வி. பெருந்தொற்றால் மார்ச் 12 அன்று தேசியப் போட்டியே ரத்தானது. அந்த அணிக்குக் கடைசி ஆட்டம் கிடைக்கவே இல்லை. ஊர் அதற்காகக் கோபித்துக்கொண்டு வீட்டில் உட்காரவும் இல்லை.

கடைசியாக அயோவா. கெய்ட்லின் கிளார்க் பெயரைக் கேட்டிருப்பீர்கள். 2023 அக்டோபர் 15 அன்று அவர் ஆடிய அயோவா பல்கலைக்கழகப் பெண்கள் அணி கால்பந்து மைதானத்தில் திறந்த வெளியில் ஒரு காட்சி ஆட்டம் ஆடியது. குளிர்காற்றில் 55,646 பேர். 2024 மார்ச்சில் பீட் மாராவிச் 1970-ல் விட்டுச் சென்ற 3,667 புள்ளிச் சாதனையைக் கடந்தார். ஒரு மாதம் கழித்துப் பெண்கள் இறுதியாட்டத்தை அமெரிக்காவில் டிவியில் பார்த்தவர்கள் சுமார் 1.89 கோடி, ஆண்கள் இறுதியாட்டத்தைப் பார்த்தவர்கள் 1.48 கோடி. பத்திரிகைகள் “ஒரு பெண் செய்த மாயம்” என்று எழுதின. அவர் மாயக்காரிதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த மண்ணைப் பற்றி எழுதியவர்கள் குறைவு.

அயோவாவில் பள்ளிப் பெண்களுக்கு அறுவர் கூடைப்பந்து என்று ஒன்று இருந்தது. மூன்று பேர் எறிய, மூன்று பேர் தடுக்க, நடுக்கோட்டை யாரும் தாண்டக் கூடாது, இரண்டு முறைக்கு மேல் பந்தைத் தட்டக் கூடாது. 1920 முதல் மாநிலப் போட்டி. சோளக்காட்டு நடுவே இருந்த நூறு குடும்பக் கிராமங்கள் கடையை மூடிவிட்டு டெ மாய்ன் நகரத்துக்கு வண்டி கட்டின. 1968 இறுதியாட்டத்தில் டெனீஸ் லாங் 64 புள்ளி எடுத்தார். எதிரணியின் ஜெனட் ஓல்சன் 76 எடுத்தும் தோற்றார். மறு ஆண்டு ஓர் என்.பி.ஏ. அணி டெனீஸைத் தேர்ந்தெடுத்தது, நிர்வாகம் செல்லாது என்றது. 1993-ல்தான் அந்த ஆட்டவகை முழுவதும் மறைந்தது. அதற்குள் மூன்று தலைமுறைப் பாட்டிகளுக்குக் கூடைப்பந்து தெரிந்திருந்தது. 1985 பிப்ரவரியிலேயே, விவியன் ஸ்டிரிங்கர் பயிற்றுவித்த அயோவாப் பெண்கள் அணியின் ஓர் ஆட்டத்துக்கு, பதினைந்தாயிரம் பேருக்கான கார்வர்-ஹாக்ஐ அரங்கில் 22,157 பேர் நெருக்கியடித்து நின்றார்கள். கிளார்க் பிறந்தது 2002-ல். அவர் மேற்கு டெ மாய்ன் பெண். வீட்டிலிருந்து இரண்டு மணி நேரத் தொலைவில் சேர்ந்தார், நான்கு வருடமும் அங்கேயே ஆடினார். பயிற்சியாளர் லிசா புளூடர் 2000 முதல் 2024 வரை அதே இருக்கையில் இருந்தவர். கிளார்க் போன பிறகு, 2024-25 பருவத்துக்கும் பெண்கள் அணியின் பருவ டிக்கெட் விற்றுத் தீர்ந்தது.

அதே கட்டடம், அதே நாற்காலிகள். ஆண்கள் ஆடிய இரவுகளில் அவற்றில் பல காலியாக இருந்தன. பதினைந்து ஆண்டு இருந்த பயிற்சியாளரை 2025 மார்ச்சில் அனுப்பிவிட்டு, பக்கத்து டிரேக் பல்கலைக்கழகத்திலிருந்து பென் மெக்காலம் என்பவரைக் கொண்டுவந்தார்கள். அவர் அயோவாவில் பிறந்து வளர்ந்தவர். மிசூரியில் இரண்டாம் பிரிவு அணி ஒன்றில் பதினைந்து வருடம் உழைத்து நான்கு முறை சாம்பியன் ஆக்கியவர். டிரேக்குக்கு வந்தபோது அந்த மிசூரி அணியில் ஆடிய நான்கு பையன்களை இடமாற்றப் பட்டியல் வழியாகவே கூடவே கூட்டிவந்து, 31 ஆட்டம் ஜெயித்தார். எல்லோரும் சபிக்கிற அந்தப் பட்டியலை ஓர் அணியைச் சேர்த்து வைக்கப் பயன்படுத்தியவர் இவர். அவர்களில் முதன்மையான பென்னெட் ஸ்டர்ட்ஸ் மறுபடியும் அவர் பின்னாலேயே அயோவா நகரத்துக்கு வந்துவிட்டார்.

எனக்குக் கொடுத்த நேரம் தாண்டிவிட்டது என்று அவைத் தலைவர் கடிகாரத்தைக் காட்டுகிறார். கேள்விகள் இருக்கும், கேளுங்கள்.